கண்டிப் பீரங்கி

மகாவலி கங்கை நாவலப்பிட்டி நகரைத் தொட்டு, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டியை வந்தடைகிறது. இக்கங்கைக்கரை முழுவதும் ஒருகாலத்தில் கண்டி மன்னரின் ஆணைக்கு அடங்கியிருந்தது. அம்மன்னரின் அரண்மனையிலிருந்து கொள்ளையிடப்பட்ட சிறிய பீரங்கி ஒன்று, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒல்லாந்து தேசத்தில் தங்கிவிட்டது.

1765ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் என்பவர் பெரும்படையுடன் கண்டிக்குள் புகுந்தார். அப்போது ஆண்டவர், மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். அவர் நகரைக் காக்க முயன்று அழியவில்லை. புத்தபெருமானின் புனித தந்தத்தை எடுத்துக்கொண்டு மலைக்காடுகளுக்குள் மறைந்தார். பகைவன் கைக்கு எது சேரக்கூடாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். வெறுமையான நகரில் அரண்மனை சூறையாடப்பட்டது. பின்னர் காய்ச்சலும் பசியும் காட்டு மறைவிலிருந்து வந்த தாக்குதல்களும் ஒல்லாந்தரை வாட்டின. அவ்வாண்டிலேயே அவர்கள் கண்டியை விட்டுச் சென்றனர். எடுத்த பொருள்களோ திரும்பவில்லை. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் கரையோரமும் கைநழுவியது.

அப்பீரங்கி போருக்கென வார்க்கப்பட்டதன்று. வெண்கலக் குழலில் பொன்னும் வெள்ளியும் பதித்து, மாணிக்கக் கற்களும் இழைத்த காணிக்கைப் பொருள் அது. சூரியனும் பிறையும் சிங்கமும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. லெவ்கே திசாவை என்னும் பிரதானி அதனைத் தம் அரசருக்கு அளித்தார் என்பர். ஒல்லாந்தில் அது முதலில் இளவரசர் ஐந்தாம் வில்லியத்தின் அரும்பொருட் கூடத்திலும், பிற்காலத்தில் ஆம்ஸ்ரர்டாம் நகரின் அரச நூதனசாலையிலும் வைக்கப்பட்டிருந்தது.

விந்தை என்னவெனில், கொள்ளை என்றால் என்ன என்பதை ஒல்லாந்தரும் தாமே அனுபவித்தனர். 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜேர்மனியப் படை அந்நாட்டைக் கைப்பற்றியது. கௌட்ஸ்ரிக்கர் என்ற யூத ஓவிய வணிகர் கப்பலேறித் தப்பும்போது கப்பலின் அடித்தளத்துள் விழுந்து மாண்டார். அவருடைய ஓவியங்களிற் பெரும்பகுதியைக் கோரிங் கவர்ந்துகொண்டார். ஆனால் இறந்தவரிடம் ஒரு கறுப்புக் குறிப்பேடு இருந்தது. ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட ஓவியங்களின் விவரம் அதில் எழுதப்பட்டிருந்தது. பாரிஸ் நகரிலோ ரோஸ் வலான் என்ற நூதனசாலை ஊழியர், ஜேர்மனியர் முன்னிலையில் ஏதும் அறியாதவர்போல் நடித்து, யூதரிடம் பறித்த படங்கள் எங்கே அனுப்பப்படுகின்றன என்பதை இரகசியமாகக் குறித்துவந்தார். அகப்பட்டிருந்தால் உயிர் தப்பியிராது. யுத்தம் முடிந்ததும் ஆயிரக்கணக்கான பொருள்களைத் தேடிக் கண்டெடுக்க அக்குறிப்புகளே வழிகாட்டின. கௌட்ஸ்ரிக்கரின் குறிப்பேடும் வீண்போகவில்லை. 2006ஆம் ஆண்டில் ஒல்லாந்த அரசு 202 ஓவியங்களை அவருடைய வாரிசிடம் கொடுத்தது.

வாளெடுக்க இயலாதவர்க்குப் பட்டியலே ஆயுதம் போலும். இலங்கையிலும் அத்தகைய பட்டியல் ஒன்று எழுந்தது. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. எச். டி. எச். டி சில்வா, அயல்நாடுகளிலுள்ள இலங்கைத் தொல்பொருள்களைத் தேடித் தொகுத்து 1975ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஊர் ஊராகச் சென்று கணக்கெடுக்கும் வேலை கவர்ச்சியற்றது. புகழும் அதிகம் தராது. ஆயினும் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாதவன், அதைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

பின்னர் இருநாட்டு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து பழைய ஆவணங்களைத் துருவினர். பரிசாகவோ விலைக்கோ அன்றிப் போரில் பறிக்கப்பட்டதே அப்பீரங்கி என்பது தெளிவாயிற்று. 1765இல் வென்றவனுக்கே சொத்து என்பது வழக்கமாயிருக்கலாம். இழந்தவர் அதற்கு இசைந்தனர் என்பது அதற்குப் பொருளன்று.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் ஆறு பொருள்கள் கொழும்பு வந்தடைந்தன: அப்பீரங்கி, பொன்னாலும் வெள்ளியாலும் அணிசெய்த இரு வாள்கள், ஒரு கத்தி, மதில்மேல் வைத்துச் சுடும் இரு பெருந்துப்பாக்கிகள். கண்டி அரசரின் சொத்துகளாயிருந்த அவை இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையின் பொறுப்பில் உள்ளன.