அட்வான்ஸைக் காக்கும் இஞ்ச் டேப்

புனேயில் வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்ததும் காதில் விழும் வார்த்தை: "அட்வான்ஸில் பெயின்டிங் செலவு போக மீதி." ஹிஞ்சவடி, வாக்கட் பக்கம் வேலைக்கு வந்து தங்கும் நம்மவர்கள் பலர் இதை எதிர்த்துக் கேட்பதில்லை. அந்த அறைக்கு எவ்வளவு பெயின்ட் பிடிக்கும் என்று தெரியாததுதான் காரணம். தெரிந்துகொள்வது கடினமல்ல.

கணக்கு இதுதான்

12-க்கு 10 அடி அறை, உயரம் 9 அடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்கினால் 396 சதுர அடி. கதவுக்கு 21 (7 x 3), ஜன்னலுக்கு 20 (5 x 4) கழித்தால் 355. நல்ல நிலையில் உள்ள சுவரில் சாதாரண எமல்ஷன் 1 லிட்டர், இரண்டு கோட்டுக்குச் சுமார் 120 சதுர அடி வரும். ஆக 3 லிட்டர். சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தாலும் 3.3 லிட்டர்தான், 4 லிட்டர் டின் ஒன்று தாராளம். சீலிங் 120 சதுர அடி. அதற்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வெள்ளை. அடர்ந்த நிறத்தை மறைக்க மூன்றாவது கோட் தேவைப்படலாம். சொரசொரப்பான சுவர் கூடுதலாக இழுக்கும். வாங்கும் பெயின்ட் எவ்வளவு பரப்புக்கு வரும் என்பதை டின்னிலோ நிறுவனத்தின் விவரத் தாளிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

புனே கான்ட்ராக்டர்கள் 'பிராஸ்' கணக்கில் கூலி சொல்வதுண்டு. ஒரு பிராஸ் 100 சதுர அடி. மேலே சொன்ன சுவர்கள் மூன்றரை பிராஸ். இதே அறைக்கு யாராவது 10 லிட்டர் என்று எழுதினால், கடை பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் உரிமை

மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, பிரிவு 55-ன்படி லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் (இங்கு வீடு வாடகைக்கு விட வழக்கமாகப் போடும் ஒப்பந்தம்) எழுத்தில் இருக்க வேண்டும். பதிவும் செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. தவறினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தில் நிபந்தனை குறித்துத் தகராறு வந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை வாடகைதாரர் சொல்வதே எடுபடும்.

ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்குப் பிடிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே 'பில்லின்படி உண்மைச் செலவு மட்டும்' என்று மாற்றச் சொல்லுங்கள். பின்னால் வாதாடுவது கடினம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் வெளிச்சுவர் ஓதம் காத்து பெயின்ட் உப்பினால், அன்றே படம் எடுத்து உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அந்தச் செலவு உங்கள் தலையில் விழாமல் இருக்க அதுவே சான்று.

உடம்புக்கும் ஆபத்து

வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. டின்னில் அந்த விவரம் இருக்கிறதா பாருங்கள். பழைய புனேயின் பேட்டைகளில் உள்ள வாடாக்களில் (முற்றம் வைத்த பழங்கால வீடுகளில்) கதவு, ஜன்னல்களில் விதிக்கு முந்தைய, ஈயம் கலந்த எனாமல் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி தேய்த்தால் பறக்கும் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்; வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறிடத்தில் தங்க வையுங்கள்.

எங்கே முறையிடுவது

பணம் வாங்கிய பெயின்டர் அரைகுறையாக விட்டாலோ கடையில் தரமற்ற சரக்கு தந்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பில்லும் வாட்ஸ்அப் உரையாடலும் பத்திரமாக இருக்கட்டும்.

அட்வான்ஸ் தகராறு பொதுவாக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாது. முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு வக்கீல் நோட்டீஸ், அதன்பின் சிவில் நீதிமன்றம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் வருமான வரம்பின்றி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம்.

குடிபோகும் நாளிலேயே ஒவ்வொரு அறையின் சதுர அடியையும் குறித்து, சுவர்களைப் படம் எடுத்து, உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் வாய்ச்சண்டைக்கு இடமிருக்காது.