கேட்கும் வயது

பழத்துக்குக் கோபித்துக்கொண்டு கிளம்பிய முருகன், அம்மை ‘மகனே’ என்று கூப்பிட்டதும் நின்ற இடம் மோகனூர் காந்தமலை என்பார்கள். கூப்பிட்டால் பிள்ளை திரும்புகிறதா என்பதுதான் நம் வீடுகளில் காதுக்கான சோதனையும். ஆனால் அதை நம்ப முடியாது. கை தட்டினால், கையசைவைப் பார்த்தே குழந்தை திரும்பிவிடும். பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் ‘ங்கா’ சொல்லும். ஒன்றரை வயதில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தால், “அவங்கப்பனே மூணு வயசுலதான் பேசுனான், கம்முனு இரு கண்ணு” என்று பாட்டி அடக்கிவிடுவார்.

அந்தக் காத்திருப்பில் காதுக்கு நஷ்டமில்லை, மூளைக்குத்தான். ஒலி வராத கேட்டல் பகுதியைப் பார்வையும் தொடுவுணர்வும் மெல்ல எடுத்துக்கொள்கின்றன. பேசிப் பழகி நாற்பது வயதில் காது போனவர், உள்காதில் பொருத்தும் ‘காக்ளியர் இம்ப்ளான்ட்’ கருவியால் நன்றாகத் தேறுகிறார். பிறவியிலேயே கேளாதவருக்கு அதே நாற்பதில் பொருத்தினால் சத்தம் கேட்கும். பேச்சு பெரும்பாலும் பிடிபடாது.

உள்காதின் காக்ளியாவில் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் ஒலியதிர்வை நரம்புக்கான மின்துடிப்பாக மாற்றுகின்றன. அவை பழுதானால், இம்ப்ளான்ட் நரம்பையே நேராகத் தூண்டும். அதில் இருப்பவை 12 முதல் 22 மின்முனைகள்தாம். இவ்வளவு சொற்பமான தகவலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க இளம் மூளையால்தான் எளிதாக முடிகிறது. அனு சர்மா குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றரை வயதுக்குள் பொருத்திய குழந்தைகளின் மூளை அலைகள் வயதுக்குரிய வேகத்தை எட்டியிருந்தன. ஏழு வயதுக்குப் பின் பொருத்தியவர்களில் பெரும்பாலோருக்கு அது கைகூடவில்லை.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு இம்ப்ளான்ட் பொருத்தும் அறுவை சிகிச்சை இலவசம். பெரிய காரியம்தான். ஆனால் ஆறு வரை நேரமிருக்கிறது என்று பெற்றோர் எண்ணிவிடக் கூடாது. மூளையின் கணக்கு அரசாணையைவிடக் கறாரானது.

அறுவை முடிந்த சில வாரங்களில் கருவியை இயக்குவார்கள். சில குழந்தைகள் மிரண்டு அழும். ‘கேட்கும் வயது’ அன்றுதான் தொடங்குகிறது. மூன்று வயதுப் பிள்ளை அன்று காதளவில் பச்சைக்குழந்தை. பயிற்சியாளர் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என ஒவ்வொன்றாகச் சொல்வார். கேட்டதும் பிள்ளை ஒரு மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். தாழ்ந்த ‘ம்’ முதல் கீச்சென்ற ‘ஸ்’ வரை ஆறும் கேட்டால், பேச்சின் வீச்சு முழுவதும் கேட்கிறது என்று பொருள். இது பல வருட வேலை. கூலி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு பஸ் ஏறும் அம்மாவின் செலவை இலவசக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

சொந்தத்துக்குள் கொடுத்து வாங்கும் குடும்பங்களில் பிறவிக் காதுகேளாமை கூடுதல். அவர்கள் சந்தேகம் வரும்வரை காத்திராமல், பிரசவ ஆஸ்பத்திரியிலேயே காதுச் சோதனையைக் கேட்டு வாங்கலாம். தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனையைச் செருகிச் சில நிமிடங்களில் முடியும் ‘ஓஏஇ’ சோதனை அது. அதில் தேறாவிட்டால் பதற வேண்டாம். காதில் பனிக்குட நீர் தங்கியிருந்தாலும் அப்படிக் காட்டும். மறுபடி எடுத்தும் தேறவில்லையென்றால், ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை அளக்கும் ‘பெரா’ சோதனையை மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.