108 மெகாபிக்ஸல் எங்கே போனது?

புதிய செல்போனில் எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி விட்டீர்களா? அந்த பைலில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் விண்டோவில் டீட்டெய்ல்ஸ் டேபைத் திறந்து, டைமென்ஷன்ஸ் வரியைப் பாருங்கள். 4000 × 3000 என்று இருந்தால் பெருக்குங்கள். 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அதாவது 12 மெகாபிக்ஸல். ஆனால் பெட்டியில் 108 என்று அச்சடித்திருக்கிறார்களே!

அது பாதி உண்மை. 2020-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்20 அல்ட்ராவை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் சென்சாரில் 108 மெகாபிக்ஸல் நிஜமாகவே உண்டு. ஆனால் ஒவ்வொரு பிக்ஸலும் 0.8 மைக்ரான்தான். இவ்வளவு சிறிய பிக்ஸலில் விழும் ஒளி மிகக் குறைவு. எனவே 9 பிக்ஸல்களை ஒன்றாகச் சேர்த்து, வழக்கமாக 12 மெகாபிக்ஸல் படத்தையே போன் தருகிறது. முழு 108-ஐயும் நாமே தேர்ந்தெடுத்தால் நல்ல வெயிலில் விவரம் கொஞ்சம் கூடும். இரவில் நாய்ஸ்தான் மிச்சம். பைலும் பெரிதாகி மெமரியை அடைத்துக் கொள்ளும்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 'நான்கு கேமரா' என்று விற்கும் விலை குறைந்த போன்கள் பலவற்றில் இரண்டு கேமராக்கள் வெறும் 2 மெகாபிக்ஸல். எண்ணிக்கைக்காக ஒட்டியவை.

கடையில் சென்சார் அளவைக் கேளுங்கள். 1/1.33 இஞ்ச் என்பது 1/2 இஞ்சை விடப் பெரியது. பதில் தெரியாமல் விழித்தால், வெளிச்சம் குறைந்த மூலையில் ஒரு படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.