கணினியில் ஓர் இயந்திர உறுப்பை அமைக்கும் முறை

பட்டறையில் உருவாகும் எந்த இயந்திர உறுப்பும் இரும்பில் பிறப்பதற்கு முன் வேறோர் இடத்தில் ஒருமுறை பிறந்துவிடுகின்றது. முன்னாளில் அவ்விடம் வரைபலகையாய் இருந்தது. நீண்ட அளவுகோலும், காம்பசும், கூர் சீவிய பென்சிலுமே அதற்குரிய கருவிகள். இந்நாளில் அவ்விடம் கணினித் திரையாயிற்று. கேட் என வழங்கும் மென்பொருள்களின் துணைகொண்டு, உறுப்பின் முழுவுருவத்தையும் அங்கே அமைத்து, திருப்பியும் அறுத்தும் பார்த்த பின்னரே உலைக்கும் லேத்துக்கும் வேலை அனுப்பப்படுகின்றது. தமிழ் பயிலும் நமக்கு இதில் என்ன தொழில் என்று வினவுவார் உளராகலாம். இம்மென்பொருள்களைக் கற்பிக்கும் கையேடுகள் பெரும்பாலும் எந்தப் பொத்தானை எப்பொழுது அழுத்துவது என்பதையே கூறக் காண்கின்றோம். அவ்வரிசை ஏன் வேண்டும் என்பது அங்கே அருகியே சொல்லப்படுகின்றது. அந்த ஏன் என்பதனைப் பொறியியல் பயிலாத அன்பர்களும் அறியுமாறு நம் மொழியில் எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக ஓர் எளிய உறுப்பைக் கொள்வோம். ஒரு மோட்டாரும் ஒரு பம்பும் தனித்தனியே நிறுத்தப்பட்டு, இரண்டின் தண்டுகளும் நேருக்கு நேர் நோக்கி நிற்பதாகக் கருதுக. ஒன்றன் சுழற்சி மற்றொன்றுக்குச் செல்லவேண்டுமாயின், ஒவ்வொரு தண்டின் முனையிலும் ஒரு வட்டத் தட்டைப் பொருத்தி, அவ்விரு தட்டுகளையும் போல்ட்டுகளால் முடுக்கவேண்டும். இதற்குப் பிளேஞ்சுக் கப்ளிங் என்று பெயர். அதில் ஒரு பாதியையே நாம் அமைக்கப் போகின்றோம். அது வார்ப்பிரும்பால் ஆவது. தண்டைப் பற்றிக்கொள்ளும் தடித்த நடுப்பகுதி ஒன்றும், அதன் அடியில் அகன்று விரியும் தட்டு ஒன்றும் அதற்கு உண்டு. நடுப்பகுதியை வண்டிச் சக்கரத்திற்கு நம் தச்சர் சொல்லுமாறு குடம் என்றே சொல்வோம்.

அளவுகளை எங்ஙனம் பெறுவது? பொறியியற் பாட நூல்கள் இதற்கு ஒரு வழக்கமான விகிதம் தருகின்றன. தண்டின் விட்டத்தை முதலாகக் கொண்டால், குடத்தின் விட்டம் அதனினும் இருமடங்கு. போல்ட்டுத் துளைகளின் நடுக்கள் அமையும் வட்டத்தின் விட்டம் மும்மடங்கு. தட்டின் வெளிவிட்டம் நான்மடங்கு. தட்டின் கனம் பாதி. குடத்தின் நீளம் ஒன்றரை மடங்கு. தண்டு 30 மில்லிமீட்டர் என்போமாயின் குடம் 60, துளைவட்டம் 90, வெளிவிட்டம் 120, கனம் 15, நீளம் 45 என வரும். தண்டு 40 மில்லிமீட்டர் வரையில் மூன்று போல்ட்டுகள் போதும் என்பதும் அந்நூல்களின் வழக்கு. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அளவுகள் ஆறாயினும் வேர் ஒன்றே. இந்த உண்மையைக் கணினிக்குச் சொல்லிவைப்பவன் ஒருவன். ஆறு எண்களையும் ஆறு இடங்களில் தட்டிவிட்டுப் போகிறவன் மற்றொருவன். திரையில் இருவர் உருவமும் ஒன்றுபோலவே தோன்றும். வேற்றுமை வெளிப்படும் நாள் பின்னால் வரும்.

மென்பொருள்கள் பலவுள. மாணாக்கர்க்கு உகந்தது ஃப்ரீகேட் என்பது நம் கருத்து. 2002-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த அதற்கு உரிமக் கட்டணம் ஏதும் இல்லை. அதிலுள்ள விரிதாளில் தண்டு விட்டம் என ஒரு கட்டத்திற்குப் பெயரிட்டு 30 என்று எழுதுக. இனி வரும் அளவுகளை எல்லாம் எண்ணாக எழுதாது, அப்பெயரைக் கொண்ட வாய்பாடாகவே எழுதுவோம்.

அடுத்தது வரைவு. இவ்வுறுப்பை இரண்டு வழியில் அமைக்கலாம். ஒரு பெரிய வட்டம் வரைந்து அதனை 15 மில்லிமீட்டர் உயர்த்தி, அதன்மேல் ஒரு சிறிய வட்டம் வரைந்து மேலும் உயர்த்தி, நடுவே துளையிடுவது ஒரு வழி. உறுப்பை நெடுக்காக அறுத்தால் தோன்றும் பாதி முகத்தை மட்டும் வரைந்து, அதனை நடு அச்சைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுச் சுழற்றுவது மற்றொரு வழி. புதிதாய்ப் பயில்வோர் முதல் வழியையே நாடுவர். நாம் இரண்டாவதையே விரும்புகின்றோம். வட்டமான உறுப்புக்கு இலக்கணம் அதன் அச்சு. லேத்தில் கடைபவரும் அச்சைப் பற்றியே வேலை செய்கின்றார். அன்றியும், குடமும் தட்டும் துளையும் ஒரே வரைவில் அடங்குவதால் அவை மூன்றும் ஒருமையம் பிறழ வழியில்லை.

அப்பாதி முகம் ஆறு கோடுகளால் ஆன ஒரு மூடிய உருவம். தட்டின் அடி, தட்டின் வெளிவிளிம்பு, தட்டின் மேல்முகம், குடத்தின் புறம், குடத்தின் தலை, துளையின் அகம் என்பனவே அக்கோடுகள். முதலில் அவற்றைக் கோணலாகவே வரைந்துவிடலாம், தவறில்லை. ஆறு கோடுகளுக்கு ஆறு மூலைகள். ஒவ்வொரு மூலையும் இடம்வலமாகவும் மேல்கீழாகவும் நகரவல்லது. ஆகவே மொத்தம் பன்னிரண்டு உரிமைகள் அங்கே கட்டவிழ்ந்து கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டவேண்டும். மூன்று கோடுகள் கிடையாகவும் மூன்று செங்குத்தாகவும் இருக்கவேண்டும் என்று ஆணையிட்டால் ஆறு உரிமைகள் ஒழியும். தட்டின் அடிக்கோடு அடிப்படைக் கிடைக்கோட்டின்மேல் கிடக்கவேண்டும் என்றால் ஒன்று ஒழியும். எஞ்சியவை ஐந்து. துளையின் ஆரம் 15, குடத்தின் ஆரம் 30, தட்டின் ஆரம் 60, கனம் 15, நீளம் 45 என்னும் ஐந்து அளவுகளும் அவற்றைத் தீர்த்துவிடும். அக்கணமே வரைவு முழுதும் பச்சை நிறம் பெறும். இனி எந்த மூலையைப் பிடித்து இழுத்தாலும் அது அசையாது.

இக்கட்டுகளுக்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என எண்ணியபோது நமக்குத் தளை என்னும் சொல்லே முன்வந்தது. யாப்பிலக்கணம் பயில்வோர்க்கு இது புதிதன்று. சீரொடு சீரைப் பிணிப்பது தளை. ஒரு சீரை மாற்றினால் அதன் இருபுறமும் நோக்கவேண்டும். இங்கும் அவ்வாறே. மேற்கூறிய ஐந்து அளவுகளோடு நில்லாது, குடத்தின் புறத்திலிருந்து தட்டின் விளிம்பு வரை 30 என்று ஆறாவது ஒன்றையும் சேர்த்தால், முன்னவற்றிலிருந்தே பெறப்படுவது மீண்டும் கூறப்பட்டது என்று மென்பொருள் உரைக்கும். 32 என்று சேர்த்தாலோ ஒன்றோடொன்று முரண்படுவதாகக் கூறி மறுத்துவிடும். கூறியது கூறலும் மாறுகொளக் கூறலும் நன்னூலார்க்கு மட்டுமன்று, கணினிக்கும் குற்றங்களே போலும்!

இத்தளைகள் நேற்றுத் தோன்றியவை அல்ல. 1963-இல் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்டு என்பார் தம் ஆராய்ச்சிப் பட்டத்திற்காக அமைத்த ஸ்கெட்ச்பேடு என்னும் நிரலிலேயே, ஒளிப் பேனாவால் திரையில் வரைந்த கோடுகளை இணையாகவும் செங்குத்தாகவும் நிற்குமாறு கட்டும் வழி இருந்தது. முப்பரிமாண உருவத்தைச் செய்முறை வரிசையோடு சேர்த்து நினைவில் வைத்து, ஓர் அளவு மாறினால் முழுவதையும் மீளக் கட்டும் முறையோ, 1988-இல் வந்த புரோ எஞ்சினியர் என்னும் மென்பொருளாற் பரவிற்று.

வரைவைச் சுழற்றியவுடன் உருண்டு திரண்ட உறுப்பு கண்முன் நிற்கும். இனிச் சாவிக்காடி. தண்டு குடத்திற்குள் வழுக்கிச் சுழலாதிருக்க இரண்டிற்கும் இடையே ஒரு சிறு எஃகுத் துண்டு செருகப்படும். பட்டறையில் அதனைக் கீ என்றும், அது இருக்கும் பள்ளத்தைக் கீவே என்றும் சொல்வர். 30 மில்லிமீட்டர் தண்டுக்கு அதன் அகலம் 8. குடத்தில் 3.3 ஆழம் வேண்டும். பட்டறையில் இதனைத் துளையின் எதிர்ப்புறத்திலிருந்து காடியின் அடிவரை 33.3 என்று அளப்பர். துளையின் நடுவே காற்றன்றி வேறில்லையாதலால், அங்கிருந்து அளக்க எந்தக் கருவியாலும் இயலாதன்றோ? கணினியிலோ நடுப்புள்ளி கைக்கெட்டும். அதிலிருந்து தண்டின் பாதியோடு 3.3 கூட்டி, 18.3 என வாய்பாடாக எழுதுவோம். அச்சின் இருபுறமும் ஒத்த அகலமுடைய ஒரு செவ்வகத்தை வரைந்து குடத்தின் நீளம் முழுவதும் வெட்டவேண்டும். அச்செவ்வகத்தைக் குடத்தின் தலைமுகத்தில் வரையாது, மென்பொருள் முதலிலேயே தரும் அடிப்படைத் தளத்தில் வரைக. இதன் காரணம் பின்னர்த் தெரியும்.

போல்ட்டுத் துளை மூன்றாயினும் ஒன்றையே வரைவோம். பத்து மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 11 மில்லிமீட்டர் துளை. அதன் நடு, அச்சிலிருந்து தண்டு விட்டத்தின் ஒன்றரை மடங்கில், சாவிக்காடிக்கு நேர் எதிரே அமையட்டும். ஒன்றை வெட்டியபின், அச்சைச் சுற்றி மூன்றாகப் பெருக்குக என்று கட்டளையிட்டால் மற்ற இரண்டும் தாமே வரும். இறுதியாகக் குடமும் தட்டும் கூடும் உள்மூலையை 3 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைவாக நிரப்பவேண்டும். இது அழகுக்காக அன்று. கூரிய உள்மூலையில் விசையின் அழுத்தம் குவியும். வார்ப்பிரும்போ வளைந்து கொடுக்காது, பிளந்துவிடும். துளையின் வாயை ஒரு மில்லிமீட்டர் சரிவாகச் சீவினால் தண்டு எளிதில் நுழையும்.

உறுப்பு முடிந்தது. ஆயினும் அது நல்லமைப்பா என்பதற்குச் சோதனை ஒன்று உண்டு. விரிதாளில் 30 என்பதை அழித்து 40 என்று எழுதுக. பம்பு பெரிதாக்கப்பட்டது, தண்டும் தடித்தது என்று கொள்வோம். நாம் அமைத்தவாறு அமைத்திருப்பின், கண் இமைப்பதற்குள் குடம் 80, துளைவட்டம் 120, வெளிவிட்டம் 160, கனம் 20, நீளம் 60 என்று எல்லாம் ஒருங்கே வளரும். துளைவட்டத்தை மட்டும் 90 என்று எண்ணாகவே தட்டியிருந்தால் யாது நிகழும்? குடத்தின் ஆரம் 40. துளையின் நடு 45-இல். அதன் உள்விளிம்பு 39.5-இல். துளை குடத்தையே அரை மில்லிமீட்டர் கடித்துக்கொண்டு போகும்; போல்ட்டின் தலை உட்கார இடமே இராது. இதனைக் கண்டு மென்பொருள் ஒரு சொல்லும் சொல்லாது. வடிவ இலக்கணப்படி அது பிழையற்ற உருவம். அப்படியே வார்ப்படச் சாலைக்குப் போனால், அச்சு செய்த கூலியும் உருக்கிய இரும்பும் கடைந்த பொழுதும் ஒருங்கே வீணாகிப் பழைய இரும்புக் குவியலைச் சேரும். கோயம்புத்தூரிலுள்ளது போன்ற சிறு வார்ப்படச் சாலைகளில் இத்தகைய இழப்பைத் தாங்குவது எளிதன்று.

நன்கமைந்த உறுப்பிலும் இச்சோதனை சில உண்மைகளை வெளிப்படுத்தும். சாவி விகிதப்படி வளர்வதன்று. 38-க்கு மேல் 44 வரையுள்ள தண்டுக்குச் சாவியின் அகலம் 12 என்று தர அட்டவணை கூறும். குடத்தின் ஆழமோ பழைய 3.3 தான். ஆகவே சாவியின் அகலத்தைத் தண்டு விட்டத்தின் ஒரு பங்காக எழுதிவைத்திருந்தால் சந்தையில் கிடைக்காத சாவி ஒன்றே வரும். அதற்கு விரிதாளில் தனிக் கட்டம் வேண்டும். போல்ட்டும் அத்தகையதே. தண்டு தாங்கும் முறுக்கு அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மிகுமாதலால், 30 என்பது 40 ஆகும்போது முறுக்கு இரண்டேகால் மடங்கிற்கும் மேலாகும். துளைவட்டம் அகன்றதைக் கழித்தாலும் ஒவ்வொரு போல்ட்டின் சுமையும் ஏறத்தாழ 1.8 மடங்கு. பழைய போல்ட்டுகள் போதுமா என்பதை நாமே கணக்கிட்டுத் தெளியவேண்டும்.

மற்றோர் இடையூறும் உண்டு. மென்பொருள் ஒவ்வொரு முகத்திற்கும் விளிம்பிற்கும் தானே ஓர் எண் இடுகின்றது. முற்பட்ட செய்முறை ஒன்றை மாற்றினால் இவ்வெண்கள் இடம் மாறலாம். ஆறாம் முகத்தைப் பற்றி நின்ற வரைவு வேறொரு முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 பதிப்பில் இக்குறை பெரிதும் தணிக்கப்பட்டுள்ளது. முற்றும் தீர்ந்தது என்று சொல்வதற்கில்லை. சாவிக்காடியை அடிப்படைத் தளத்தில் வரையச் சொன்னதும், வளைவையும் சரிவையும் கடைசியில் வைத்ததும் இது கருதியே. அடிப்படைத் தளம் பெயர் மாறுவதில்லை.

பட்டறைக்கு அனுப்பும்போது வரைபடமும் உடன்செல்லவேண்டும். கணினியிலுள்ள துளை சரியாக 40. ஒரு மயிரிழையும் கூடாது, குறையாது. உலகில் எவராலும் அவ்வாறு கடைய இயலாது. எவ்வளவு கூடலாம் என்பதை எச்7 போன்ற குறியால் வரைபடத்தில் எழுதுவர். 30 மில்லிமீட்டர் துளைக்கு அது 0.021 மில்லிமீட்டர் வரையும், 40-க்கு 0.025 வரையும் மிகுதியை அனுமதிக்கும், குறைவை அனுமதிக்காது. உருவத்தைப் பிற மென்பொருளாளர்க்குக் கொடுக்க ஸ்டெப் என்னும் பொதுக் கோப்பு முறை உள்ளது. ஆனால் அவ்வழி செல்வது உருவம் மட்டுமே. விரிதாளும் தளைகளும் செய்முறை வரிசையும் பின்தங்கிவிடும். பெற்றவர் 40 என்பதை 45 ஆக்க விரும்பினால் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். அதனால் ஸ்டெப் கோப்போடு மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்புவதும், தண்டு விட்டம் எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதை ஒரு வரியில் எழுதிவைப்பதும் நலம்.