மும்பை மழைக்கு ஏற்ற மண் எது? கொட்டகையில் செடி வளர்ப்போர் கவனிக்க

நமது நிருபர்

மே மாதம் பிறந்தால் டோம்பிவிலி, அம்பர்நாத், பத்லாப்பூர் பக்கங்களில் கூரை மேல் தார்ப்பாய் கட்டும் வேலை தொடங்கிவிடும். அதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் பத்தடி இடம் உள்ள நம்மவர்கள் நாலு மூங்கிலை நட்டு, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, சிறு கொட்டகை அமைக்கிறார்கள். உள்ளே கறிவேப்பிலை, மிளகாய், தக்காளி, கத்தரி, கீரை.

மூங்கிலுக்கும் தாளுக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். நல்ல நாற்றாகப் பார்த்து வாங்குகிறார்கள். மண்ணை மட்டும் யாரும் பார்த்து வாங்குவதில்லை. பக்கத்து வயலிலோ, வீடு இடித்த இடத்திலோ, நாலா ஓரத்திலோ கிடைப்பதை வாரி வந்து தொட்டியில் நிரப்பிவிடுகிறார்கள். ஆகஸ்டு மாதம் செடி மஞ்சளாகிச் சாய்ந்த பிறகு, "மும்பைத் தண்ணீர் சரியில்லை" என்கிறார்கள்.

தண்ணீர் மேல் குற்றம் இல்லை. பெரும்பாலும் மண்தான் காரணம்.

கரிசலின் குணம்

பத்லாப்பூரில் ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவர் இருக்கிறார். கோவில்பட்டிக்காரர். கொட்டகையில் மிளகாய், கத்தரி நாற்று விட்டு அக்கம்பக்கத்தாருக்கு விற்கிறார். மதினியின் சர்க்கரை நோய் மாத்திரைச் செலவுக்கு அந்த வருமானம்தான். கொட்டகை போட்ட முதல் ஆண்டு, பக்கத்து நெல் வயலிலிருந்து கறுப்பு மண்ணாக வண்டியில் கொண்டுவந்து கொட்டினார். அந்த மழையில் முந்நூறு நாற்றில் முப்பது கூடத் தேறவில்லை.

"ஊர்ல கரிசல்லதானே தம்பி பருத்தி, மிளகா எல்லாம் விளையுது? இங்க மட்டும் ஏன் வராதுன்னு நெனச்சேன்" என்றார் அண்ணாச்சி.

அண்ணாச்சி நினைத்ததில் தவறு இல்லை. ஆனால் கரிசலின் பெருமை அது நீரைப் பிடித்து வைப்பதில் இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கம் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 700 மில்லி மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அங்கே ஒரு மழையை வாங்கிப் பல நாள் வைத்திருக்கும் மண் தெய்வத்துக்குச் சமம். மும்பையிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலே மாதத்தில் 2,000 மில்லி மீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஜூலை மாதம் மட்டும் 800-க்கு மேல். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் பதிவானது பலருக்கு நினைவிருக்கும். கோவில்பட்டியில் ஓர் ஆண்டில் பெய்வதை விட அதிகம் அது!

மும்பையைச் சுற்றியுள்ள பாறையும் கரும்பாறைதான். அது உடைந்து மக்கிய களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வயலில் அந்த வெடிப்பு வழியே காற்று இறங்கும். வேர் ஆழமாக ஓடும். ஓரடித் தொட்டியில் ஓட இடம் ஏது? உப்பிய களிமண் இடைவெளி எல்லாவற்றையும் அடைத்துவிடும். வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. காற்று இல்லாமல் சில நாள் கிடந்தால் வேர் அழுகும். வேர் அழுகிய செடி தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடும். வாடுகிறதே என்று நாம் மேலும் ஒரு குவளை ஊற்றுவோம்; கதை முடிந்தது.

குடைக்கு உள்ளேயா, வெளியேயா?

குளிர் தேசங்களில் கண்ணாடி வீடு கட்டுவது வெப்பத்தைப் பிடித்து வைக்க. மும்பையில் நமக்கு அந்தத் தேவை இல்லை. இங்கே பிளாஸ்டிக் கொட்டகை ஒரு குடை; அவ்வளவுதான். ஆகவே நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். பக்கவாட்டையும் மூடினால் உள்ளே புழுக்கம் ஏறி இலையில் பூஞ்சணம் பிடிக்கும்.

குடைக்குக் கீழே இருக்கும் தொட்டிக்கும் வெளியே நனையும் தொட்டிக்கும் ஒரே மண் ஆகாது என்பதுதான் பலர் கவனிக்காத செய்தி.

வெளியே இருக்கும் தொட்டியில் மழை இடைவிடாமல் இறங்குகிறது. நீரோடு சேர்ந்து உரச் சத்தும், முக்கியமாகத் தழைச்சத்தும், அடித்துளை வழியே ஓடிவிடும். அதற்கு நீர் விரைவாக வடியும் மண் வேண்டும். செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. உரத்தை ஒரே முறை கொட்டாமல் பதினைந்து நாளுக்கு ஒரு கைப்பிடியாகப் போட வேண்டும்.

கொட்டகைக்குள் நிலைமை தலைகீழ். வெளியே ஊரே மிதக்கும், உள்ளே தொட்டி காயும். கொட்டுகிற மழையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரைப் பார்த்து அண்டை வீட்டார் சிரிக்கத்தான் செய்வார்கள், ஊற்றத்தான் வேண்டும். இங்கே கொஞ்சம் ஈரம் பிடிக்கும் மண் நல்லது. செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. மழை கழுவாததால் உரத்தின் உப்பு உள்ளேயே தங்கும். மண் மேல் வெள்ளையாகப் பூத்தால் அதுதான் அடையாளம். மாதம் ஒரு முறை அடித்துளையில் தாராளமாக வடியும்படி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

விதை முளைக்கப் போடும் தட்டுக்கு மண்ணே வேண்டாம். நார்க் கழிவும் மண்புழு உரமும் போதும். ஈரக் களிமண்ணில் முளைத்த நாற்று தரை மட்டத்தில் மெலிந்து சாய்வது ஒரு பூஞ்சண நோய். அண்ணாச்சியின் முந்நூறு நாற்றைக் கொண்டுபோனதும் அதுவே.

எதை எங்கே வாங்குவது?

நர்சரிகளில் 'லால் மிட்டி' என்று விற்பது கொங்கணத்துச் செம்மண். மாத்தேரான் போனவர்கள் செருப்பில் ஒட்டி வந்த மண்ணைப் பார்த்திருப்பார்கள், அந்த இனம்தான். அதில் சத்து அதிகம் இல்லை. சில மூட்டைகளில் களியும் கூடுதலாக இருக்கும். தனியாகப் போட்டால் செங்கல்லாக இறுகும். எருவும் மணலும் கலந்தால்தான் பயன்படும். நர்சரிச் செடிகள் பல இறுகிய சிவப்பு உருண்டையோடு வருவதைக் காணலாம். அந்த உருண்டையை அப்படியே நட்டால், ஊற்றும் நீர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே வேர் காய்ந்து கிடக்கும். வாளித் தண்ணீரில் சற்று ஊறவைத்து, ஓரத்து மண்ணை விரலால் உதிர்த்துவிட்டு நடுங்கள்.

மணல் வாங்கும்போது கடல் மணலும் கழிமுக மணலும் வேண்டாம். உப்பு செடியைக் கொல்லும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் கல் உடைத்த மணலைச் சல்லடையில் சலித்து, மாவு போன்ற தூளை நீக்கிப் பயன்படுத்தலாம்.

தென்னை நார்க் கழிவு பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் கேரளத்திலிருந்தும் கட்டியாக இங்கே வருகிறது. ஐந்து கிலோ கட்டியை ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் உப்பும். இதிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். இது சோம்பல் பட்டுச் செய்யாமல் விடுகிற வேலை. இலை ஓரம் கருகும்போதுதான் தெரியும்.

எரு தபேலாக்களில் கிடைக்கும். பச்சைச் சாணத்தை வாங்கித் தொட்டியில் போடாதீர்கள். அது புளித்துச் சூடேறி வேரை வேகவைக்கும். வெள்ளைப் புழுவும் வரும். கையில் எடுத்தால் நாற்றம் இல்லாமல், கறுப்பாக, உதிர்ந்து விழ வேண்டும். அதுதான் மக்கிய எரு.

தொட்டி அடியில் ஓட்டுத் துண்டும் ஜல்லியும் இரண்டு அங்குலம் நிரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது காலங்காலமாகச் சொல்லப்படுவது. உண்மை வேறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நிரம்பிய பிறகே சொட்டும். ஈரம் தேங்கும் அடுக்கு வேருக்கு இன்னும் அருகில் வருவதுதான் மிச்சம். துளை மேல் மண் ஓடாமலிருக்க ஒரே ஓட்டுத் துண்டு போதும்.

கட்டட மண் வேண்டாம்

வீடு இடித்த இடத்து 'ராபிட்' மண் இனாமாகக் கிடைக்கும். அதில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கறிவேப்பிலையில் இதை நன்றாகக் காணலாம். புளித்த மோர் ஊற்று என்பார்கள். தொட்டி நிறையச் சிமெண்டுத் தூளை வைத்துக்கொண்டு ஒரு டம்ளர் மோர் ஊற்றி என்ன பயன்? மண்ணை மாற்றுவதே வழி.

இதை விட அஞ்ச வேண்டியது சாலை ஓர மண், தொழிற்சாலைக் காம்பவுண்டு மண், நாலா மண். பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் புகையோடு விழுந்த ஈயம் மேல் மண்ணிலேயே தங்கியிருக்கும். மழை அதை எளிதில் கரைத்துக்கொண்டு போகாது. பழைய பெயிண்டு உதிர்ந்த இடத்திலும் ஈயம் இருக்கலாம். கீரை வகை இத்தகைய உலோகங்களை இலையில் சேர்க்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக் கூடியது. கீரையைக் கழுவினால் மேலே ஒட்டிய தூசி போகும். இலைக்குள் ஏறியது போகாது.

ரயில் பாதை ஓரக் காலி நிலத்தை ஊழியர்களுக்குக் கொடுத்துக் காய்கறி பயிரிடச் செய்யும் ஏற்பாடு மும்பையில் நீண்ட காலம் இருந்தது. அந்தப் பயிருக்குச் சாக்கடை நீர் பாய்ச்சுவதாகப் பலமுறை புகார் எழுந்தது. பாதையோரம் களைக்கொல்லி தெளிப்பதும் உண்டு. ரயில்வே குடியிருப்பில் இருக்கும் நண்பர்கள் அந்த மண்ணை வீட்டுத் தொட்டிக்கு வாரி வர வேண்டாம். செழிப்பாகத்தான் தெரியும், சாக்கடையிலும் செடி செழிக்கும்.

காசு கொடுக்கும் முன் சோதனை

மூட்டையில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி வாருங்கள். ஈரமாக்கிப் பிடித்து அமுக்குங்கள். விரலால் தட்டினால் உதிர்ந்தால் நல்லது. திரி போல நீளமாக உருட்ட வருமானால் களி அதிகம். காய்ந்த மண்ணில் நாலு சொட்டு வினிகர் விட்டு நுரை பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது.

கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நீர் நிரப்பி, துளி சோப்புத் தூள் சேர்த்துக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் நிற்கும். அதற்கு மேல் வண்டல். ஒரு நாள் ஆனாலும் கலங்கலாகவே நிற்பது களி. எது எவ்வளவு என்று கண்ணாலேயே அளந்துவிடலாம்.

எருவுக்குச் சோதனை வெந்தயம். கலந்த மண்ணை ஒரு டம்ளரில் போட்டுப் பத்து வெந்தயம் விதையுங்கள். ஐந்தாறு நாளில் எட்டு, ஒன்பது பச்சையாக எழுந்தால் எரு மக்கியது. முளை கருகினால் இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். இந்தச் சோதனை உலோகத்தைக் காட்டாது. இடத்தின் பூர்வீகம் தெரியாத மண்ணுக்கு ஆய்வுக்கூடமே வழி. அது முடியாதென்றால் அந்த மண்ணில் கீரை போடாமல் பூச்செடி வையுங்கள்.

சால் மாடி வராந்தாவில் தொட்டி வைப்போருக்கு ஒரு வார்த்தை. ஓரடித் தொட்டி நனைந்த மண்ணோடு சுமார் 25 கிலோ இருக்கும். பத்துத் தொட்டி என்றால் நாலு ஆட்கள் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்பது போல. பழைய கட்டடத்து மர உத்தரம் தாங்குமா என்று பாருங்கள். அங்கே மணலைக் குறைத்து நார்க் கழிவைக் கூட்டினால் பாரம் நன்றாகக் குறையும். அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். கொசு முட்டையிடும், மாநகராட்சி ஆட்கள் வந்து நோட்டீசு கொடுப்பார்கள்.

மண் வாங்க ஏற்ற மாதம் மே. காய்ந்த மண்ணாக வாங்கினால் தூக்கவும் எளிது. மூட்டையில் இருப்பது மண்ணா நீரா என்ற சந்தேகமும் இல்லை. வாங்கியதைச் சற்றே நனைத்து, தெளிவான பிளாஸ்டிக் தாளில் மூடி, நாலு வாரம் வெயிலில் போட்டால் பூஞ்சண வித்தும் புழுவும் பெருமளவு சாகும். அண்ணாச்சி இப்போது அதைத்தான் செய்கிறார். கறுப்பு மண்ணை அவர் வீசி எறியவில்லை. கொல்லையில் வாழைக்கு அடியில் கொட்டிவிட்டார். வாழை நன்றாக இருக்கிறது.

மழை முடிந்து பயிர் எடுத்த பிறகு பழைய மண்ணையும் எறிய வேண்டியதில்லை. வேரை நீக்கி, உலர்த்தி, மூன்றில் ஒரு பங்கு புது எரு கலந்தால் அடுத்த ஆண்டுக்கு ஆகும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று நோயில் போன தொட்டியில் மற்றதை வைக்காமல் வெண்டையோ அவரையோ போடலாம்.