உங்களுக்குத் தெரியுமா? வளவு விளக்குக்கு வரும் அந்துப்பூச்சிகள்

● கல்முனைக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். பெரும்போகத்தில் வளவில் இரவு முழுக்க ஒரு பல்பை எரியவிட்டு, அதன் கீழ் புனல் பொருத்திய வாளி வையுங்கள். உள்ளே முட்டை அட்டைகளைப் போட்டால், விழும் அந்துப்பூச்சிகள் அந்தக் குழிகளில் ஒடுங்கிவிடும். எண்ணி, படமெடுத்து, உயிரோடு விட்டுவிடலாம்.

● பொறியைப் பார்க்க ஏற்ற நேரம் சுபஹ் தொழுத கையோடு. பிந்தினால் காகமும் மைனாவும் முந்திவிடும்.

● பதிவுக் கொப்பியில் திகதியோடு பிறையையும் எழுதுங்கள். பிறை 14, 15இல் நிலவு காய்வதால் பொறியில் விழுவது குறையும். அதைக் குறிக்காவிட்டால், பூச்சியே அருகிவிட்டதென்று கணக்குப் பிழைக்கும்.

● வைக்கோல் மஞ்சள் நிறம், முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி: அது நெல் தண்டுதுளைப்பானின் பெண். இந்தப் பூச்சி நெல்லைத் தின்பதில்லை. இதன் புழுதான் தண்டுக்குள் புகுந்து குருத்தைக் காயவைத்து, கதிரைப் பதராக்குகிறது. பொறியில் எண்ணிக்கை ஏறினால் மருந்துக்கு ஓட வேண்டாம். முதலில் வயலில் இறங்கி, இலை நுனிகளில் மயிர் மூடிய முட்டைக் குவியல் இருக்கிறதா என்று பாருங்கள். அறக்கொட்டியும் வெளிச்சத்துக்கு வரும். அது அந்துப்பூச்சி இல்லையென்றாலும் அதையும் எழுதிவையுங்கள். விவசாயிக்கு அந்த வரி பெறுமதியானது.

● 2018இல் இலங்கைச் சோளத்தைத் தாக்கிய சேனா படைப்புழுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவே.

● பூச்சிக்கு விளக்கின்மேல் ஆசை என்பார்கள். 2024இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு வேறு காரணம் சொல்கிறது. இரவில் பறக்கும் பூச்சிகள் பிரகாசமான பக்கமே வானம் என்று கொண்டு, முதுகை அதற்குக் காட்டிப் பறக்கின்றன. பக்கத்தில் பல்பு எரிந்தால் முதுகு அதன்பக்கம் சரிகிறது. சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கின்றன. வேகக் கமராவில் பார்த்தபோது இப்படிச் சரியாமல் விளக்கைக் கடந்து போனவற்றில் ஒன்று அலரிப் பருந்து அந்துப்பூச்சி. நம் வளவு நந்தியாவட்டையைத் தின்னும் பெரிய பச்சைப் புழு அதன் பிள்ளைதான், கண்டால் நசுக்காதீர்கள்.

● பிரெடரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி நூலின் அழகு, பேராதனைப் பூங்காவின் டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் தீட்டிய படங்களில் இருக்கிறது. புழுவை அது தின்னும் செடியோடு சேர்த்தே வரைந்தார்கள். நீங்களும் செடியின் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள்.

● முதுகில் மண்டையோடு போன்ற குறியுள்ள பூச்சியைத் தொட்டால் கீச்சிடும். கடிக்காது, விஷமும் இல்லை. தேன்கூட்டில் நுழைந்து தேன் குடிப்பதுதான் அதன் வேலை.