யாரும் தொடாத பொத்தான்

ராஸ்பெர்ரி பையில் ஒரு பொத்தானை இணைத்து, நிரலும் எழுதியாயிற்று. பொத்தானை யாரும் தொடவில்லை. ஆனால் திரையில் ‘அழுத்தம்’, ‘விடுப்பு’ என்று வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கையை வயர் அருகே கொண்டுபோனால் இன்னும் வேகமாக ஓடுகின்றன! பலகை பழுதாகவில்லை. அது உண்மையிலேயே எதையோ கேட்கிறது.

2012-இல் பிரிட்டனில் வெளிவந்த இந்த உள்ளங்கை அளவுக் கணினியின் ஓரத்தில் இப்போது 40 உலோகப் பின்கள் நிற்கின்றன. அவற்றில் நம் நிரலுக்குக் கட்டுப்படுபவை ஜிபிஐஓ பின்கள். 3.3 வோல்ட் வந்தால் 1, பூஜ்ய வோல்ட் என்றால் 0. இதைப் படிக்கும் டிரான்சிஸ்டரின் வாசலை ஒரு மின்காப்புப் படலம் மூடியிருக்கிறது. உள்ளே மின்னோட்டம் ஏறக்குறைய புகுவதே இல்லை. அதனால் மிகச் சிறிய மின்னூட்டமே அதை 1 பக்கமோ 0 பக்கமோ சாய்த்துவிடும். சுவருக்குள் ஓடும் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைபாய்கிறதே, அந்த அலையைத்தான் எதிலும் சேராமல் தொங்கும் வயர் ஆன்டெனாபோல் பிடிக்கிறது. இப்படி எதிலும் கட்டுப்படாத பின்னை ‘மிதக்கும் பின்’ என்பார்கள். இணைப்பே இல்லாவிட்டால் 0 என்றுதானே நினைப்போம்? மின்னணுவியலில் 0 தானாகக் கிடைக்காது. அதையும் நாம்தான் தர வேண்டும்.

தருவது ஒரு ரெசிஸ்டர். கதவைத் தானே மூடவைக்கும் ஸ்பிரிங் போல அது பின்னை மெல்ல ஒரு பக்கம் இழுத்து வைக்கிறது; பொத்தானை அழுத்தினால் அந்த இழுப்பு தோற்றுவிடும். 3.3 வோல்ட் பக்கம் இழுத்தால் ‘புல்-அப்’, பூஜ்ய வோல்ட்டான தரைப் பக்கம் என்றால் ‘புல்-டவுன்’. பையின் சிப்புக்குள்ளேயே சுமார் 50 கிலோஓம் ரெசிஸ்டர்கள் உண்டு. நிரலில் ஒரு சொல் போதும், விழித்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தும்போது அதன் வழியே ஓடும் மின்னோட்டம் சுமார் 66 மைக்ரோஆம்பியர்தான். ஒரு சிறிய எல்இடி விளக்கு கேட்பதில் ஏறத்தாழ நூற்றைம்பதில் ஒரு பங்கு!

அடுத்த விந்தை பொத்தானுக்குள் இருக்கிறது. ஒருமுறை அழுத்தினாலும் உள்ளிருக்கும் உலோகத் தகடுகள் மோதித் துள்ளி, சில மில்லிநொடிகளுக்குள் பலமுறை தொட்டு விலகும். நம் விரலுக்கு அது தெரியாது. கணினிக்கு ஒவ்வொரு துள்ளலும் தனி அழுத்தம். முதல் மாற்றத்தைப் பார்த்ததும் ஐம்பது மில்லிநொடி காதை மூடிக்கொள்ளும்படி நிரலில் சொல்லிவிட்டால் எண்ணிக்கை சரியாகும். ‘துள்ளல் நீக்கம்’ என்பது இதுதான்.

எண் குழப்பம் இவற்றைவிட ஆபத்தானது. நிரல் ‘ஜிபிஐஓ 17’ என்று அழைப்பது பலகையின் 11-ஆவது பின்னை. 17-ஆவது பின்னோ 3.3 வோல்ட் மின்வழங்கி. தெரியாமல் பொத்தானை அங்கிருந்து தரைக்கு இணைத்தவர், அழுத்தும்போது நேரடியாக ஷார்ட் செய்கிறார். தூரம் அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 போன்ற 5 வோல்ட் உணரிகளின் வெளியீட்டையும் 3.3 வோல்ட் பின்னில் அப்படியே மாட்டக்கூடாது. இடையில் 1 கிலோஓம், 2 கிலோஓம் என இரண்டு ரெசிஸ்டர்களால் பங்கிட்டால் 3.3 வோல்ட்டாக இறங்கும்.

மிதக்கும் பின்னில் மல்ட்டிமீட்டரை வைத்தால் உளறல் நின்றுபோவதுண்டு; மீட்டரின் உள்தடையே புல்-டவுன் ஆகிவிடுகிறது. ஆகவே மீட்டரை நம்பாமல், நிரலைத் திருத்துமுன் பொத்தானைக் கழற்றுங்கள். ஒரு கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகப் பின்னை முதலில் 3.3 வோல்ட்டிலும் பிறகு தரையிலும் தொட்டுப் பாருங்கள். 1, 0 என்று சரியாகப் படித்தால் பலகையும் நிரல் சொல்லும் எண்ணும் சரி. கோளாறு வயரிலோ பொத்தானிலோ, விட்டுப்போன புல்-அப் அல்லது புல்-டவுனிலோ இருக்கிறது.